மேலே போன பந்து

தேசிய மகளிர் அணிக்கான தேர்வு ஆட்டத்தில் மேலே போன பந்து, ஒன்பது வருடம் கழித்துத்தான் கீழே வந்தது. அன்று காற்று இல்லை. வெயில் சுமார். கேன்டீனில் டீ தீர்ந்துவிட்டிருந்தது. பந்தை வீசியவளை எல்லோரும் நெட்டை என்பார்கள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவரின் மகள், வேகப்பந்து. அதை மேலே தூக்கி அடித்தவள் பாப்பா. தேர்வுக்குழுத் தலைவருடைய தம்பியின் மகள். சர்வதேசப் போட்டிக்குப் பதினைந்து பேர் போக வேண்டும். பதினான்கு பேர் முடிவாகிவிட்டார்கள். மிச்சமிருந்த ஓர் இடத்துக்குத்தான் இந்த ஒரு ஓவர். தலைவரே மைதானத்துக்கு நடுவில் வந்து, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். "விக்கெட் எடுத்தா நீ போற. எடுக்கலைன்னா பாப்பா போறா. அவ்வளவுதான், சிம்பிள்."

நெட்டைக்கு இது நான்காவது முறை. முதல் முறை அவளுக்கு அனுபவம் போதாது என்றார்கள். இரண்டாவது முறை ஓய்வு கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். அவள் களைத்துப்போனதாக யாரிடமும் சொன்னதில்லை. மூன்றாவது முறை வயது கூடிவிட்டது என்றார்கள். அனுபவம் போதாததற்கும் வயது கூடியதற்கும் நடுவே இரண்டே வருடம்தான். அந்தக் கோபம் முழுவதும் அவளுடைய வலது தோளில் உட்கார்ந்திருந்தது. ஓவரின் நான்காவது பந்தை அந்தத் தோளால்தான் வீசினாள். பாப்பா கண்ணை மூடிக்கொண்டு சுழற்றினாள். பந்து மட்டையின் விளிம்பில் பட்டு நேராக மேலே ஏறியது. "என்னோடது! எவளும் கிட்ட வராதீங்க!" என்று கத்தியபடி நெட்டை அதற்குக் கீழே போய்க் கைகளைக் குவித்தாள். பந்து ஒரு தென்னை உயரம் ஏறி, அங்கேயே நின்றுவிட்டது.

கொஞ்ச நேரம் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு மணிக்குப் பத்திரிகையாளர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு வாங்கிய சமோசா ஆறிக்கொண்டிருந்தது. "எப்படியும் விழும். விழுந்தா இவ விட்டுடுவா. நாட் அவுட்னே வெச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பதினைந்து பெயர்களையும் வாசித்தார். கடைசிப் பெயர் பாப்பாவுடையது. அந்த ஊரில் தவறான தேர்வு புதிதில்லை. ஆனால் பந்து காற்றில் இருக்கும்போதே நடந்த தேர்வு அதுதான் முதல். நடுவர், வாரநாட்களில் பல் டாக்டர், சனி ஞாயிறுகளில் அம்பயர். அவர் மட்டும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. "பந்து மேல இருக்கு. நான் எப்படி சார் ஆட்டம் முடிஞ்சதுன்னு சொல்றது?" என்றார். சொன்னவர் அன்று வீட்டுக்கும் போகவில்லை.

சர்வதேசப் போட்டியில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். பாப்பாவின் முந்தைய இன்னிங்ஸ் இன்னும் முடியாததால் புதிய இன்னிங்ஸ் அவளுக்குத் தொடங்கவே இல்லை. நான்கு அடித்தாள், ஸ்கோர்போர்டில் ஏறவில்லை. ஆறு அடித்தாள், அதுவும் ஏறவில்லை. ஸ்டம்பு மூன்றும் பறந்தன. அங்கிருந்த நடுவரின் விரல் மேலே எழ மறுத்தது. அவுட்டும் ஆகாமல் ரன்னும் எடுக்காமல் அவள் ஓவர் ஓவராக நின்றாள். அணி எல்லா ஆட்டங்களிலும் தோற்றது. தோல்விக்கு ஆடுகளத்தின் ஈரப்பதம் காரணம் என்று தலைவர் அறிக்கை விட்டார். திரும்பி வந்த பாப்பா வீட்டுக்குப் போகவில்லை. மட்டையோடு நேராக மைதானத்துக்கு வந்து பழைய இடத்தில் நின்றாள்.

"எதுக்குடி வந்தே?" என்றாள் நெட்டை, மேலே பார்த்தபடியே.

"அவுட் ஆகறதுக்குத்தான்க்கா. பெரியப்பா போன்னாரு, போனேன். நான் என்ன பண்ண?"

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க மட்டும் சொல்லியிருப்பீங்களாக்கும்!"

அவர்களுக்குள் அதற்கு மேல் சண்டை வரவில்லை. கோபம் இருவருக்குமே ஒரே ஆள் மீதுதான்.

பீல்டர்கள் ஒரு வாரம் நின்றார்கள். பிறகு கல்யாணம், வேலை, பிள்ளைப்பேறு என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். பல் டாக்டர் தன் சிகிச்சை நாற்காலியையே ஸ்டம்புக்குப் பின்னால் கொண்டுவந்து போட்டுக்கொண்டார். நோயாளிகள் சாய்ந்து படுத்து வாயைத் திறந்தால் பந்து தெரியும்; அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஊசி போட்டதுகூடத் தெரியவில்லை என்று பலர் சொன்னார்கள். நெட்டையின் அம்மா ஆஸ்பத்திரி விரிப்புகளை மூட்டையாகக் கொண்டுவருவார். மகள் கழுத்தை இறக்காமல் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, இருவரும் இழுத்து மடிப்பார்கள். மழைக்காலத்தில் மைதானம் முழுக்க நனையும். பந்துக்கு நேர் கீழே மட்டும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் புல் காய்ந்திருக்கும். எங்கே நிற்க வேண்டும் என்று அதை வைத்துத்தான் நெட்டை சரிபார்த்துக்கொள்வாள்.

கிரிக்கெட் வாரியம் சும்மா இருக்கவில்லை. தீயணைப்பு வண்டி வந்தது; ஏணி எவ்வளவு நீண்டாலும் ஒரு கை குறைந்தது. கடைசியில் வாரியச் செயலாளரே பழக்கூடையோடு வந்தார். "கேட்ச் விட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. எல்லாருக்கும் நிம்மதி. அடுத்த டீம்ல முதல் பேரு உன்னோடதுதான்."

"கைக்கே வராத பந்தை எப்படி சார் விட்டேன்னு சொல்றது?"

"ஒரு பேச்சுக்குத்தான்மா."

"உங்க பேச்சைத்தான் மூணு தடவை கேட்டாச்சே" என்றார் அம்மா, விரிப்பை உதறி. உதறிய வேகத்தில் செயலாளரின் கண்ணாடி கீழே விழுந்தது. "அனுபவம் இல்லைன்னீங்க, ஓய்வுன்னீங்க, வயசுன்னீங்க. இப்ப அவ வாயாலயே பொய் சொல்லணுமா? கூடையை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. ஆப்பிள் அழுகியிருக்கு." கூடை திரும்பிப் போனது. ஆப்பிள் உண்மையிலேயே அழுகித்தான் இருந்தது.

இப்படியே வருடங்கள் போயின. நெட்டையின் காதோரம் நரைத்தது. பாப்பா மட்டையை ஊன்றி நின்றபடியே தபாலில் பட்டம் வாங்கினாள். தலைவர் மூன்று முறை பதவி நீட்டிப்புப் பெற்றார்; மைதானத்தின் கிழக்குப் பக்கம் அவர் பெயரில் ஒரு கேலரி எழுந்தது. அதன் திறப்பு விழாவில் அவர் மைக்கைப் பிடித்து, "திறமைக்கு நான் ஒருபோதும் வழிவிடத் தவறியதில்லை" என்றபோது பந்து இறங்கத் தொடங்கியது. அதற்கு அவசரம் இல்லை. நெட்டை அரை அடி பின்னால் நகர்ந்து, கைகளைக் குவித்து, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். பல் டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு விரலை உயர்த்தினார். பாப்பா மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "அப்பாடா" என்று வெளியே நடந்தாள்.

நெட்டை பந்தோடு மேடை வரை வந்தாள். "விக்கெட் எடுத்தா நான்னு சொன்னீங்க."

தலைவர் மைக்கை மூடிக்கொண்டார். "அது அந்தப் போட்டிக்கும்மா. அதுதான் எப்பவோ முடிஞ்சு போச்சே. இப்ப உனக்கு வயசு வேற ஆயிடுச்சு. வீட்டுக்குப் போ."

அவள் கத்துவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் பந்தைக் கால்சட்டையில் தேய்த்தாள். தேய்த்த இடத்திலிருந்து லேசாகப் புகை வந்தது. "உங்களுக்கு முடிஞ்சிருக்கும். எனக்கு ஓவர் முடியல சார். ரெண்டு பந்து பாக்கி இருக்கு. அடுத்த ஆளை அனுப்புங்க." சொல்லிவிட்டுத் திரும்பி நடந்து, தன் ஓட்டம் தொடங்கும் இடத்தில் போய் நின்றாள்.

எதிரே போய் நிற்க இன்றுவரை யாரும் முன்வரவில்லை. அந்தத் தலைவர் போய் வேறு தலைவர் வந்தார். கேலரியின் பெயரும் மாறியது. அதற்குப் பிறகு எந்தத் தேர்வுக்குழு கூடினாலும் பதினான்கு பெயர்களைத்தான் வாசிக்க முடிகிறது. பதினைந்தாவதற்கு வந்ததும் எந்தப் பெயரும் வாயிலிருந்து வெளியே வருவதில்லை. பல் டாக்டரிடம் காட்டிப் பார்த்தார்கள். பல்லில் கோளாறு இல்லை என்றார். பத்திரிகைகளும் பதினான்கு பெயர்களைப் போட்டு, அதற்குக் கீழே 'ஓவர் நடந்துகொண்டிருக்கிறது' என்று ஒரு வரி சேர்க்கின்றன. அது ஏன் என்று வாசகர்கள் யாரும் கேட்பதில்லை. மைதானத்தில் அம்மா விரிப்பு மடிக்கிறார். பல் டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிடுகிறார். நெட்டை பந்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்; அது இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.