மலை வைத்துக்கொண்ட வசவு

1964ஆம் ஆண்டு ஆவணி மாதம் மூன்றாம் திங்கட்கிழமை முதல் செஞ்சி ராஜகிரி மலை தினமும் மாலை ஐந்து இருபதுக்கு ஒரு மனிதரைத் திட்டியது. திட்டு நாலே சொல்: "கெழட்டுப் பொணமே, வூட்டுக்குப் போ!" ஞாயிற்றுக்கிழமை, அமாவாசை, பெருநாள் என்று அதற்கு விடுமுறை கிடையாது. மழை பெய்தால் குரல் கொஞ்சம் கம்மும், அவ்வளவுதான். திட்டு வாங்கியவர் தனகோட்டி. செஞ்சி கால்பந்து கிளப் மதராசிலிருந்து வரவழைத்த ஆட்டக்காரர், வயது நாற்பத்திரண்டு. குரல் சிராஜுதீனுடையது. அவன் துருத்தியைத் தோளில் மாட்டிக்கொண்டு பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவன். தெருத்தெருவாகக் கூவிப் பிழைத்தவன் என்பதால் அந்தக் குரல் யாருடையது என்று ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. சிராஜுதீனுக்கும் வரவில்லை. அவனுடைய கஷ்டமே அதுதான்.

செஞ்சிக்காரர்கள் பந்தாட்டம் பார்ப்பதில் ஒரு முறை வைத்திருந்தார்கள். மைதானம் மலையடிவாரத்தில் இருந்தது. மேற்கே திரும்பிக் கத்தினால் ராஜகிரி அதை அப்படியே திருப்பிக் கத்தும். அறுபது பேர் கூட்டம் நூற்றிருபதாகிவிடும். வெளியூர் ஆட்டக்காரர்கள் மலைமேல் நிற்பது யார் என்று அண்ணாந்து பார்த்துப் பந்தைக் கோட்டைவிடுவார்கள். அதனால் வாழ்த்து என்றால் மேற்கே மலையைப் பார்த்து, வசவு என்றால் கிழக்கே பஸ் ஸ்டாண்டைப் பார்த்து என்பது கிளப் தொடங்கிய நாளிலிருந்து உள்ள ஏற்பாடு. நம் ஆட்டக்காரனைத் திட்டாதே என்று யாரும் யாரையும் தடுத்ததில்லை. திரும்பி நின்று திட்டு என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். மலைக்கு நேராக நின்று கத்துகிற பொறுப்பு சிராஜுதீனுடையது. அவன் ஒருவன் கத்தினால் மலையில் நாற்பது பேர் கத்துவது போலிருக்கும். அந்தப் பெருமையில், ஆட்டம் உள்ள நாட்களில் வேலைக்குப் போகாமல் காலையிலிருந்தே தொண்டைக்காகக் கற்பூரவள்ளி இலையை மென்றுகொண்டு திரிவான்.

தனகோட்டியை அழைக்கலாம் என்று அந்த வருஷம் ஆனியில் சொன்னவர் கிளப் தலைவர் தாண்டவராயன். அரிசி மில் வைத்திருந்தவர். ஆட்டக்காரர் தங்க மில்லிலேயே ஓர் அறை, மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் தன் பொறுப்பு என்றார். அன்று முதல் துரைக்கண்ணு டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. அரிசிக்கு ஜனங்கள் அலைந்துகொண்டிருந்த நேரம் அது, ஆனாலும் அரிசியைப் பற்றி யாரும் பேசவில்லை. மதராஸ் பஞ்சாலை அணியில் அவர் ஆடியதெல்லாம் பழைய கதை, இப்போது முட்டியில் துணி சுற்றிக்கொண்டுதான் நடக்கிறாராம் என்றார்கள். பந்தைப் பார்க்கக் கண்ணாடி போட வேண்டுமாம் என்றார்கள். "மாடு புடிக்கும்போது பல்லப் புடிச்சிப் பாக்குறீங்க. ஆளப் புடிக்கும்போது இன்னாத்தப் பாத்தீங்க?" என்று துரைக்கண்ணு டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். கடை குலுங்கியது. சிராஜுதீன் ஒருவன்தான் சிரிக்கவில்லை. பத்து வருஷத்துக்கு முன் விழுப்புரத்தில் தனகோட்டி இடது காலால் அடித்த கோலை அவன் கண்ணால் பார்த்தவன். அந்தக் கோலை அவன் முதலில் சொன்னபோது பந்து இருபது கெஜத்திலிருந்து போனது. சொல்லச் சொல்லத் தூரம் கூடி, இந்த ஆனியில் அது பாதி மைதானத்திலிருந்து போனது. மாதம் முழுக்க வாதாடினான். கடைசியில் பெஞ்சின் மேல் ஏறி நின்று, "அவரு மேல ஒரு சொல்லு வுழுந்தா அது எம்மேல வுழட்டும்!" என்றான். அதைக் கேட்டபின் எதிர்ப்பு அடங்கியது. தாண்டவராயன் கடிதம் போட்டார்.

தனகோட்டி ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார். உச்சந்தலை வழுக்கை. முட்டியில் துணி சுற்றியிருந்தது உண்மைதான். வரவேற்கப் போன சிராஜுதீனுக்கு, ஊரையே எழுப்புகிற அந்தத் தொண்டையிலிருந்து ஒரு சொல் வரவில்லை. பத்து வருஷமாகக் கும்பிட்ட ஆளைப் பக்கத்தில் பார்த்த கூச்சம். பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் மில் வரைக்கும் பின்னால் நடந்தான். அவர் அவனைக் கூலியாள் என்றே நினைத்திருப்பார் என்று வீட்டில் மனைவி அசீசுன்னிசாவிடம் சொல்லி வருத்தப்பட்டான்.

முதல் ஆட்டம் திண்டிவனத்தோடு. ஆட்டம் முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது, கோல்கீப்பர் விழுந்து கிடக்க, பந்து தனகோட்டியின் காலடிக்கே வந்தது. ஊதினாலே உள்ளே போயிருக்கும். அவர் காலை வீசினார், பந்து அங்கேயே இருந்தது, அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் அவரைப் பார்க்கவில்லை. அறுபது பேரும் திரும்பி சிராஜுதீனைப் பார்த்தார்கள். "இன்னா பாய், ஒங்காளு குந்திக்கினாரே!" என்றார் துரைக்கண்ணு. சிராஜுதீன் மலையைப் பார்த்து நின்றிருந்தான். 'தனகோட்டி அண்ணே' என்று கத்துவதற்கு மூச்சை இழுத்து வைத்திருந்தான். முதுகுக்குப் பின்னால் சிரிப்பு எழும்பியது. இன்னும் ஒரு நொடி சும்மா இருந்தால் அந்தச் சிரிப்பு தன்மேல் ஏறிக்கொள்ளும் என்று பயந்தான். வேறு காரணம் இல்லை. இழுத்து வைத்த மூச்சு அத்தனையும் அந்த நாலு சொல்லாக வெளியே போனது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது, அவன் தோளில் தட்டியது. சிரித்து முடித்த பிறகுதான், மலை அதைத் திருப்பிச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தார்கள். அப்போது மணி ஐந்து இருபது.

மறுநாள் அதே நேரத்துக்கு மலை சொன்னது. தனகோட்டி மைதானத்தில் தனியாக ஓடிப் பழகிக்கொண்டிருந்தார். மலை திட்டியதும் நின்றார், பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனார். செவ்வாய்க்கிழமையும் அப்படியே, புதன்கிழமையும் அப்படியே. பத்தாம் நாள் தாண்டவராயன் நாலு மேளக்காரர்களை அனுப்பி ஐந்து இருபதுக்கு அடிக்கச் சொன்னார். மேளம் அடங்கும் வரை மலை காத்திருந்து, பிறகு திட்டியது. ஆட்கள் ஏறிப்போய்ப் பாறைப் பிளவுகளில் வைக்கோல் அடைத்துப் பார்த்தார்கள். அன்று மட்டும் சத்தம் வைக்கோல் வாசனையோடு வந்தது. அதற்கு மேல் யாரும் மெனக்கெடவில்லை. துரைக்கண்ணு கடைக் கடிகாரத்தை அதை வைத்துத் திருத்தினார். ஆடு மேய்க்கிறவர்கள் அதைக் கேட்டதும் ஆடுகளைத் திருப்பினார்கள்.

பழகாதவன் சிராஜுதீன் ஒருவன்தான். வேறு யாராவது திட்டியிருந்தால் அவன் அடிக்கப் போயிருப்பான். இது அவன் குரல். வெட்கம் அவனைத் தின்றது. தெருவில் கூவுவதை நிறுத்தினான். ஈயம் பூச ஆள் வந்திருப்பது பெண்களுக்குத் தெரியாததால் பாதி வேலை போனது. கடைவீதியில் ஒரு மூலையில் துருத்தியை வைத்து உட்கார்ந்து, கேட்டவர்களுக்குக் கிசுகிசுப்பாகப் பதில் சொன்னான். ஆளில்லாத நேரம் பார்த்து மலையடிக்குப் போய், "மன்னிச்சிடுங்கண்ணே!" என்று தொண்டை கிழியக் கத்தினான். மலை அதை உடனுக்குடன் திருப்பிக் கொடுத்துவிட்டது, வைத்துக்கொள்ளவில்லை. "மலைகிட்ட இன்னாத்துக்குச் சொல்றீங்க? மில்லு எங்க இருக்குதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?" என்றாள் அசீசுன்னிசா. தெரியும். மில் வாசல் வரை ஏழு முறை போய்த் திரும்பியிருந்தான்.

கார்த்திகையில் ஒருநாள் தனகோட்டியே ஒரு பித்தளைச் சொம்போடு அவன் முன்னால் வந்து குந்தினார். சிராஜுதீன் தலையை நிமிர்த்தாமல் சொம்பை வாங்கிக் கனலில் வைத்தான். ஈயம் பிடிக்கத் தூவிய நவச்சாரத்தின் புகையில் முகம் மறைந்தது நல்லதாகப் போயிற்று. ஈயத்தைத் துணியால் இழுத்துத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மணி ஐந்து இருபது ஆனது. மலை திட்டியது. அவன் கை நின்றுவிட்டது.

"நல்ல கொரலு. நேரம் தப்பாம வருது" என்றார் தனகோட்டி. "முன்னெல்லாம் எப்ப நிறுத்துறதுன்னு தெரியாம இருட்டுற வரைக்கும் ஓடுவேன். இது சொன்னதும் நிறுத்திடுறேன். வூட்டுக்குப் போன்னு சொல்லுது, எந்த வூடுன்னுதான் சொல்ல மாட்டேங்குது."

அவர் சிரித்தார். பெண்டாட்டி பிள்ளை இல்லாதவர், மில் அறையைத் தவிர வீடும் இல்லாதவர் என்பது ஊருக்கே தெரியும்.

"யாரு கொரலுன்னு ஒனக்குத் தெரியுமா பாய்?"

"தெரியாதுண்ணே" என்று கிசுகிசுத்தான் சிராஜுதீன்.

அன்று அந்தச் சொம்புக்குள் மூன்று சொம்புக்கான ஈயத்தைப் பூசினான். கூலி வாங்கவில்லை. இரவுச் சாப்பாட்டில் கை வைக்க முடியாமல் எழுந்துவிட்டான். முதல் தடவை பயத்தில் வாய் தவறியது என்று இத்தனை நாள் தன்னைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தான். இரண்டாம் தடவைக்கு அப்படி ஒரு சமாதானமும் கிடைக்கவில்லை.

பொங்கல் கோப்பைக்கு ஆரணி அணி வந்தது. செஞ்சி மலையைப் பற்றி அறியாதவர்கள். ஐந்து இருபதுக்கு இரு பக்கமும் கோல் இல்லை. தனகோட்டி ஓட முடியாமல், நிற்க முடிந்த இடத்தில் நின்றிருந்தார். மலை திட்டியது. ஆரணி கோல்கீப்பர் தன்னைத்தான் யாரோ திட்டுகிறார்கள் என்று வெடுக்கென்று திரும்பி மலையை முறைத்தான். அவனுடைய தடுப்பாட்டக்காரர்களும் அண்ணாந்தார்கள். கோலுக்குப் பக்கத்தில் தலை திருப்பாதவர் ஒரே ஒருவர். ஐந்து மாதமாக அதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர். காலடிக்கு வந்த பந்தை இடது காலால் மெதுவாகத் தள்ளினார். அது வேகமில்லாமல் உருண்டுபோய்க் கோலுக்குள் நின்றது. கோப்பை செஞ்சிக்கு வந்தது.

கூட்டம் மைதானத்துக்குள் ஓடியது. ஓடி, சிராஜுதீனைத் தூக்கியது. "பாய் கொரலு கோல் போட்டுச்சு!" என்று துரைக்கண்ணு கூத்தாடினார். மாலையைக்கூட அவன் கழுத்தில்தான் போட்டார்கள். ஆட்களின் தோள்மேலிருந்து பார்த்தபோது, கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் தனகோட்டி தனியாகக் குனிந்து முட்டித் துணியை இறுக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. இவ்வளவு உயரத்தில் இருந்துகொண்டு இவ்வளவு கேவலமாக அவன் என்றும் இருந்ததில்லை. உதைத்துத் திமிறிக் கீழே குதித்தான். மாலையைக் கழற்றி எறிந்தான். அவரிடம் ஓடிப்போய், ஐந்து மாதம் கழித்து முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னான்:

"அது என் கொரலுண்ணே. நான்தான் கத்தினேன். அன்னிக்குத் தெரியாதுன்னு சொன்னதும் பொய்யி."

தனகோட்டி நிமிர்ந்தார். "தெரியும் பாய். விழுப்புரத்துல அந்த கோலுக்கு மூவாயிரம் பேரு கத்துனான். ஒரு கொரலுதான் காதுல நின்னுச்சு. யாருன்னு கேட்டேன், செஞ்சியில ஈயம் பூசுற பாயின்னு சொன்னாங்க. பஞ்சாலையில போதும்னு அனுப்பினப்ப ஆட்டத்த வுட்டுட்டு ஒதுங்கிடலாம்னுதான் இருந்தேன். லெட்டர்ல செஞ்சின்னு போட்டிருந்துச்சு. அந்தக் கொரலு இருக்குற ஊராச்சேன்னு வந்தேன்."

அவர் குற்றம் சொல்கிற தொனியில் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலத்தான் சொன்னார். சிராஜுதீன் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் அழுதான். சிரித்துக்கொண்டு வந்தவர்கள் தள்ளியே நின்றுவிட்டார்கள். அழுது முடித்தபின், "வூட்டுக்குப் போலாம் வாங்கண்ணே" என்றான். எந்த வீடு என்று அவர் கேட்கவில்லை. அவன் கையைப் பிடித்து முட்டியைத் தாங்கித் தாங்கி நடந்தார். அசீசுன்னிசா டீயும் முறுக்கும் வைத்தாள்.

அதன்பின் நாலு வருஷம், மலை திட்டியதும் தனகோட்டி பந்தை எடுத்துக்கொண்டு சிராஜுதீன் வீட்டுக்கு வருவார். இரண்டு வருஷத்தில் ஆட்டத்தை விட்டார், பிறகு சின்னப் பையன்களுக்குப் பழக்கினார், பிறகு பந்தில்லாமல் வெறுமனே நடந்து வந்தார். ஊர் அதை டீக்கு அழைப்பு என்றே வைத்துக்கொண்டது. சிராஜுதீன் மட்டும் ஒவ்வொரு நாளும் அந்த நிமிஷத்தில் தலையைக் குனிந்துகொள்வான், வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும் வரை நிமிர மாட்டான். அவர் ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அறுபத்தொன்பது தை மாதம் மில் அறையில் காய்ச்சலில் கிடந்து தனகோட்டி இறந்தார். அவர் சமணர் என்பதால் சிராஜுதீன் மேல்சித்தாமூர் மடம் வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தான். ஊரே திரண்டு எடுத்துப் போனது. திட்டுவதற்கு ஆள் போய்விட்டதால் இனி மலை அடங்கிவிடும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். மறுநாள் மாலை சிராஜுதீன் கடைவீதி மூலையில் யாருடைய அண்டாவுக்கோ ஈயம் பூசிக்கொண்டிருந்தான். தாடி பாதி நரைத்திருந்தது. ஐந்து இருபதுக்கு மலை, என்றைக்கும் போலத் திட்டியது. அவன் துருத்தியை மடக்கிக் கனலில் தண்ணீர் தெளித்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போனான்.