மீன் கழுவிய தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை காலை நிரஞ்சனா தொட்டியருகே குனிந்தபோது கவிச்சி வாடை அடித்தது. நீர்மல்லி போன்சாயில் மூன்று நான்கு இலைதான் மிச்சம். மற்றதெல்லாம் தாழ்வாரத் தரையில் கிடந்தது.

மரம் அவளுடையதல்ல. பக்கத்து வீட்டு ஹலீமாக்காவின் கணவர் முழ உயரத்துக்குள் அடக்கி வளர்த்தது. அவர் இறந்த பிறகு அக்கா தன் கையால் வேர் வெட்டி மண் மாற்றியது இதுதான் முதல் தடவை. மாற்றிய கையோடு முழங்கால் அறுவை சிகிச்சை. இப்போது தெம்பனிஸ் வட்டாரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். போகும்போது, நிழலில் வை, மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் ஊற்று, உரம் கூடவே கூடாது, வெட்டுப்பட்ட வேர் தாங்காது என்று படித்துப் படித்துச் சொன்னார். நிரஞ்சனா அதில் இம்மியும் பிசகவில்லை.

அப்போது அவள் கணவன் திலீப் அலுமினியச் சட்டியோடு வெளியே வந்தான். தேக்கா சந்தையில் வாங்கிய மீனைக் கழுவிய தண்ணீர். நேராக மரத்திடம் போனான்.

அவள் சட்டியைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை நாளாக என்று கேட்டாள்.

“மீன் வாங்குறப்பல்லாம். நம்ம கருவேப்பிலை இதுலதானே தழைச்சுது?”

போன் அடித்தது. வீடியோவில் ஹலீமாக்கா.

“பூக்கட்டும்னு இலைய உருவிட்டோம்னு சொல்லிடு,” என்றான் திலீப் மெல்ல. “எல்லாரும் உருவுறதுதானே?”

சொன்னால் அக்கா நம்புவார். ஆனால் அந்த மண் அப்படியே இருக்கும். உள்ளே வேர் அழுகிக்கொண்டே போகும். நிரஞ்சனா போனைத் தொட்டியின் பக்கம் திருப்பி, நடந்ததைச் சொன்னாள்.

ஹலீமாக்கா திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தார்.

“நகத்தால பட்டைய கீறு.”

கிளையில் கீறினாள். பழுப்பு. கவட்டில் கீறினாள். அங்கேயும் பழுப்பு. மண்ணை ஒட்டிய அடிமரத்தில் நகம் இறங்கியபோது மயிரிழையாய்ப் பச்சை தெரிந்தது.

“மீன் விருந்து வச்சவரயே தொட்டிய கவுக்கச் சொல்லு. வேர அலசி, கறுத்தத மட்டும் வெட்டு. புது மண்ணு என் வீட்டு அலமாரியில இருக்கு.”

திலீப் தொட்டியைக் கவிழ்த்து மரத்தைத் தாங்கிப் பிடித்தான். கறுத்த வேர்கள் கத்தரிக்கோலில் கொழகொழவென்று அறுந்தன. பாதிக்கு மேல் போய்விட்டது. அடிமரத்தை ஒட்டி ஒரு கொத்து மட்டும் வெளிறி, விறைப்பாக நின்றது.

“இருக்குக்கா. கொஞ்சந்தான்.”

“பொழைச்சிருச்சுன்னு சொல்லாத. துளிர் வரட்டும்,” என்றார் ஹலீமாக்கா. “போன வைக்காத லா. நட்டு முடிக்கிற வரைக்கும் காட்டிக்கிட்டே இரு.”