ஒரு கையால் எடுக்கிற கத்தி

மிரூனா அதுவரை கத்தி வாங்கியதெல்லாம் வெங்காயம் நறுக்கத்தான். ரொசாலியாவின் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகப் படுத்திருந்த கத்திகளைப் பார்த்ததும் அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். இதில் ஒன்றை ஒரு மனிதனுக்கு முன்னால் நீட்ட வேண்டி வரலாம் என்றுதானே வந்திருக்கிறோம் என்ற நினைப்பு அவளை விடவில்லை. பக்கத்தில் நின்ற அவள் கணவன் லிவியுவுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. சந்தையில் முலாம்பழம் பொறுக்குகிறவனைப் போல ஒவ்வொன்றையும் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மலையடிவாரத்து ஊரில் மலைப்பாதையில் ஓடிப் பழகுகிறவர்களுக்கும் வேட்டைக்காரர்களுக்கும் சேர்த்து இருந்தது அந்த ஒரே கடைதான். ரொசாலியா பெருத்த உடம்பும் அதைவிடப் பெருத்த குரலும் கொண்டவள்.

"எதுக்கும்மா வேணும்? ஆட்டுக்காரன் நாய்க்கா, கரடிக்கா? கரடிக்குன்னா கத்தி வேணாம், மணி வாங்கிக் கட்டு. கத்தியோட போனா அது சிரிச்சே செத்துரும்."

"ஆளுக்கு" என்றாள் மிரூனா.

ரொசாலியாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அவளை இங்கே வரவைத்த சம்பவம் நடந்தது மே மாதத்தில். பல் கட்டும் கூடத்தில் நாள் முழுக்கக் குனிந்தே வேலை பார்க்கிற மிரூனாவுக்கு சாயங்காலம் மலைப்பாதையில் ஓடினால்தான் மூச்சே வரும். அன்றும் மரங்களில் வழிக்குறியாக நீல முக்கோணம் தீட்டிய அந்தப் பாதையில்தான் ஓடினாள். முதுகுப்பையில் மணி கட்டியிருந்தாள். அந்த மலையில் சத்தம் போடாமல் போகிறவர்கள் கிடையாது. கரடி திடுக்கிட்டால்தான் அடிக்கும், ஆள் வருவது தெரிந்தால் அதுவே விலகிப் போய்விடும். அதனால் ஓடுகிறவர்கள் மணி கட்டுவார்கள். காளான் பொறுக்கப் போகிற பெண்கள் ஊர்வம்பைக் கத்திப் பேசுவார்கள். விறகுக்காரர்கள் வாய்க்கு வந்ததைப் பாடுவார்கள்.

ஷூ நாடாவைக் கட்ட அவள் நின்றாள். மணியும் நின்றது. பின்னால் சருகுச் சத்தம் மட்டும் கொஞ்சம் நீண்டு, பிறகு சட்டென்று அடங்கியது. அவள் ஓடினாள், அதுவும் ஓடியது. அவள் நின்றாள், அதுவும் நின்றது. கரடி இப்படி நின்று நின்று வராது. மனிதன் என்றால் சத்தம் போடுவான். சத்தம் போடாத மனிதன் என்றால், கரடிக்குப் பயப்படுவதைவிட அவள் காதில் விழுவதற்குத்தான் அவன் அதிகம் பயப்படுகிறான். இது புரிந்ததும் அவள் குனிந்தாள். கைக்கு அகப்பட்ட கல்லை எடுத்து மரங்களுக்குள் வீசினாள். சொத்தென்று எதன்மீதோ பட்டது. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. அவள் விழுந்தடித்துக்கொண்டு கீழே ஓடி வந்தாள்.

போலீசில் முகத்தைப் பார்த்தீர்களா என்றார்கள். பார்க்கவில்லை என்றாள். அத்தோடு அந்த விசாரணை முடிந்தது. லிவியு அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டான், புளிப்பு சூப் வைத்துக் கொடுத்தான். கல் எறிந்ததை மட்டும் அவள் போலீசிடமும் சொல்லவில்லை, லிவியுவிடமும் சொல்லவில்லை. காது கேளாத எந்தக் கிழவனுடைய மண்டையையாவது உடைத்துவிட்டோமோ என்கிற பயம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு அவள் மலைக்குப் போகவில்லை. செப்டம்பரில் நடக்கும் மலை ஓட்டத்துக்கு எப்போதோ பெயர் கொடுத்திருந்தாள். மூன்று வருடமாக முயன்று கிடைத்த இடம். அதற்காகப் பள்ளிக்கூட மைதானத்தில் செக்குமாட்டைப் போலச் சுற்றிச் சுற்றி ஓடினாள்.

"விட்டுத் தொலையேன் அந்தப் பந்தயத்த" என்பான் லிவியு. "நீ வீட்ல இருந்தாலே எனக்குப் போதும்." பஸ் டிப்போவில் மெக்கானிக்கான அவன் அந்தக் கோடை முழுக்க நேரத்தோடு வீடு திரும்பினான். சோளக்களி கிண்டினான், பாலாடைக்கட்டியை உதிர்த்துப் போட்டு அவளுக்கு முன்னால் வைத்தான். கல்யாணமான புதிதில்கூட அவன் அவ்வளவு ஆசையாக இருந்ததில்லை. இப்படிப்பட்டவனை வைத்துக்கொண்டு எனக்கு மலை கேட்கிறதே என்று அவளுக்கே தன்மேல் வெட்கமாக இருந்தது. ஆனாலும் மலை இல்லாமல் முடியவில்லை. கத்தி ஒன்று வாங்கிக்கொண்டு போகிறேன் என்றாள். நானும் வருகிறேன், நீ தனியாகப் போனால் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள் என்று அவனும் கிளம்பிவிட்டான்.

ரொசாலியா இரண்டு கத்திகளை எடுத்து வைத்தாள். ஒன்று மடக்காத குட்டைக் கத்தி. எடை குறைய வேண்டும் என்று பிடியில் ஓட்டைகள் போட்டிருந்தது. அதன் உறையைப் பையின் நெஞ்சுப் பட்டியில் தலைகீழாக மாட்டிக்கொள்ளலாம். மற்றது மடக்குக் கத்தி, கைவிரல் நீளம்கூட இல்லை. கையில் வைத்தால் இருக்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு லேசு.

"இதான்" என்று மடக்குக் கத்தியை எடுத்தான் லிவியு. "ஓடறவளுக்கு வெயிட்டுதான முக்கியம்? அத நெஞ்சுல மாட்டிக்கிட்டு நீ தடுக்கி விழுந்தா உன்னையே குத்திரும்."

"உறைல பூட்டு இருக்கு தம்பி, தலைகீழா உலுக்கினாலும் விழாது" என்றாள் ரொசாலியா. "நீ சொல்ற கத்திய நகத்த விட்டு நெம்பித்தான் திறக்கணும். ரெண்டு கையும் வேணும். ஓடி வந்தவளுக்குக் கையெல்லாம் வேர்த்து வழியும். வர்றவன் என்ன, 'மெதுவா திற கண்ணு, நான் நிக்கறேன்'னு சொல்லுவானா?"

"ஜாஸ்தி விலைக்காரத நீங்க தள்ளிவிடத்தான பாப்பீங்க."

"ரெண்டும் ஒரே விலைதான். வேணும்னா சீட்ட நீயே பாத்துக்கோ."

லிவியுவின் காது சிவந்தது. கடையில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். மிரூனாவுக்குச் சண்டை என்றால் ஆகாது. இதுவே இருக்கட்டும் என்று மடக்குக் கத்தியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் லிவியு இல்லாத நேரத்தில் சமையலறைக் குழாயில் கையை நனைத்துக்கொண்டு அதைத் திறந்து பார்த்தாள். வழுக்கியது. யாரோ பின்னால் வருவதாக நினைத்துக்கொண்டு பதறிப் பதறித் திறந்தாள். கட்டைவிரல் நகம் பிளந்து ரத்தம் வந்ததுதான் மிச்சம், கத்தி திறக்கவில்லை.

சாயங்காலம் தனியாகக் கடைக்குப் போய் அதை மாற்றிக்கொண்டாள்.

"வீட்டுக்காரர் கோச்சுக்க மாட்டாரா?" என்று கேட்டாள் ரொசாலியா.

"அவருக்குத் தெரிய வேணாம். ரெண்டு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவார்."

"அது உங்க பாடு. இங்க பாரு, குத்தறதுக்கு இல்ல இது. எடு, நீட்டு, ஊரே கேக்கற மாதிரி கத்து, அப்புறம் ஓடு. எங்க, செஞ்சு காட்டு." செருப்பு வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்க்க மிரூனா திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டினாள். கத்தி ஒரே இழுப்பில் கைக்கு வந்தது.

ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை காலையில் அவள் கிளம்பினாள். நெஞ்சுப் பட்டியில் கத்தி, அதன்மேல் மெல்லிய சட்டை. லிவியு டிப்போவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"கத்தி எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேன்."

"எங்க வெச்சிருக்க? பின் பாக்கெட்லயா?"

"ஆமா" என்று இடுப்பைத் தட்டிக் காட்டினாள்.

"ஜிப்பு போட்டுக்க, விழுந்துரப் போகுது" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தான்.

மலையில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. மரங்கள் பத்தடிக்கு அப்பால் கரைந்து போயிருந்தன. மிரூனா மணியைக் குலுக்கிக்கொண்டு ஓடினாள், போதாமல் வாய்விட்டும் பாடினாள். ஒவ்வொரு நீல முக்கோணம் கண்ணில் படும்போதும் இது போதும், திரும்பிவிடலாம் என்று தோன்றும். அடுத்தது வரைக்கும் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு ஓடினாள். கால்கள் பழைய பாதையை மறக்கவில்லை. மேட்டில் ஏற ஏற மூச்சு சீரானது. பாடுவதை நிறுத்தினாள், பயத்தையும் கொஞ்சம் மறந்தாள்.

அப்போதுதான் சருகுச் சத்தம் கேட்டது.

கையை முதுகுக்குப் பின்னால் விட்டு மணியைப் பொத்திக்கொண்டு நின்றாள். பின்னால் சத்தம் கொஞ்சம் நீண்டு அடங்கியது. அதே மாதிரி, மே மாதம் போலவே. அய்யோ, கடவுளே, இவன் கோடை முழுக்கக் காத்துக்கொண்டா இருந்தான்? ஓடினாள். பின்னால் இப்போது ஒளிவு மறைவில்லாமல் காலடிகள் தடதடவென்று வந்தன. பாதை இரண்டு பாறைகளுக்கு நடுவே குறுகும் இடத்தில் வேர் தடுக்கி முழங்காலில் விழுந்தாள். எழுவதற்குள் மூச்சு இரைக்கும் சத்தம் பிடரிக்கு அருகில் வந்துவிட்டது.

சட்டையை விலக்கினாள், இழுத்தாள், திரும்பினாள்.

"கிட்ட வராத!"

அவள் கத்திய கத்தலில் எங்கோ பறவைகள் எழும்பிப் பறந்தன. கைக்கெட்டும் தூரத்தில் தலையைத் துணியால் மூடிய ஆள் ஒருவன் கைகளை உயர்த்தியபடி நின்றான். அவன் கண் அவள் முகத்துக்கு வரவில்லை, கத்தியிலேயே நிலைத்திருந்தது.

"இது அந்தக் கத்தி இல்லையே" என்றான் லிவியு.

போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது. இவன்தானா! பாறையில் சாய்ந்துகொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவன் தலைத்துணியை விலக்கி, "நான்தான்டி, நான்தான். உனக்குத் துணைக்கு வந்தேன். சொன்னா வேணாம்ப" என்றான். அவள் கத்தியைக் கீழே போடப் போனாள். அதற்குள் அவன் முதலில் சொன்ன வார்த்தைகள் அவளுக்கு உறைத்தன. பெண்டாட்டி பயத்தில் பேயாய் அலறுகிறாள், இவன் எந்தக் கத்தி என்றல்லவா பார்த்திருக்கிறான்.

அவன் பையிலும் மணி தொங்கியது. அதன் வாயில் ஒரு சாக்ஸ் அடைத்திருந்தது.

"மணி ஏன் அடிக்கல?" என்று கேட்டாள்.

அவன் குனிந்து அதைப் பார்த்தான். "அது... சத்தம் கேட்டா நீ பயந்துருவியேன்னு..."

அந்த ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைகூட இப்படி ஒரு பதிலைச் சொல்லாது. அவனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். பேச்சை மாற்றுகிறவன் போலச் சிரித்தான்.

"கீழ வை அத. போன தடவ மாதிரி கல்ல எறிவேன்னு பாத்தா, கத்தியத் தூக்கறியே!"

அவன் மட்டும்தான் சிரித்தான். கல் எறிந்ததை மிரூனா ஒருவரிடமும் சொன்னதில்லை.

மே மாதத்திலிருந்து அவள் பயந்த ஆளுக்கு முகம் இல்லை. இப்போது முகம் வந்துவிட்டது. அந்த முகத்தின் பக்கத்தில்தான் அவள் கோடை முழுக்கத் தூங்கியிருக்கிறாள், அது கிண்டிய களியைச் சாப்பிட்டிருக்கிறாள், அதனிடமே அழுதிருக்கிறாள். வீட்டுச் சாவி அதன் பாக்கெட்டில் இருக்கிறது. காட்டில் ஓடியபோதுகூட அவள் இப்படிப் பயந்ததில்லை.

"ஏன் அப்படிப் பாக்கற?" என்றான் லிவியு. குரலில் கெஞ்சலும் இருந்தது, கோபமும் இருந்தது. "நீ யாரையோ பாக்கத்தான் தெனம் ஓடறேன்னு நெனச்சேன். மொத தடவ அத பாக்கத்தான் வந்தேன். யாரும் இல்ல, சரி. ஆனா அதுக்கப்புறம் நீ வீட்லயே இருந்த. நல்லாத்தான இருந்தோம் மிரு? சொல்லு, நல்லாத்தான இருந்தோம்?" என்றபடி ஒரு எட்டு முன்னால் வைத்தான்.

"அங்கயே நில்லு." கத்தி நீட்டிய கையை அவள் இறக்கவில்லை. "அந்த சாக்ஸ வெளிய எடு."

"பைத்தியமா உனக்கு?"

"எடு. எடுத்துட்டு முன்னால நட. மணி எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கணும்."

அவன் அவளையும் கத்தியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சாக்ஸை உருவிப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு நடந்தான். மணி அடித்தது. மிரூனா இடைவெளி விட்டுப் பின்னால் இறங்கினாள். மணி தயங்கினால் அவளும் தயங்கினாள்.

பாதி தூரம் இறங்கியபோது கூடைகளோடு காளான் பொறுக்கும் பெண்கள் மூன்று பேர் யாருடைய கல்யாணத்தையோ உரக்கக் கிழித்துக்கொண்டு எதிரே வந்தார்கள். லிவியு தலையைக் குனிந்துகொண்டு அவர்களைத் தாண்டிப் போனான். ஒருத்தி அவளைப் பார்த்து, "என்னம்மா, கரடி வந்தா அவரத் தின்னட்டும்னு முன்னால விட்டுட்டியா?" என்று கேட்டுவிட்டு, அவள் முகத்தையும் கையையும் பார்த்தபின் கூடையைக் கீழே வைத்தாள்.

"நான் உங்ககூடவே இருந்துக்கறேன்" என்றாள் மிரூனா. "நீங்க ஊருக்குத் திரும்பற வரைக்கும்."

அவர்கள் அவளை நடுவில் நிறுத்திக்கொண்டார்கள். கீழே பனிக்குள் லிவியுவின் மணி தேய்ந்துகொண்டே போனது. திடீரென்று அது நின்றுவிட்டது. தூரம் போய்விட்டானா, சாக்ஸை மறுபடி திணித்துக்கொண்டானா என்று அவளுக்குத் தெரியவில்லை. பெண்கள் விட்ட இடத்திலிருந்து கல்யாணக் கதையைக் கத்திப் பேசத் தொடங்கினார்கள். மிரூனாவும் அவர்களோடு சேர்ந்து கத்திப் பேசினாள். கத்தியை மட்டும் உறையில் போடவில்லை.