நூற்றெண்பதுக்குப் படிந்த சத்தம்

1998 மாசியில் கொல்லிமலை சோளக்காட்டில் ஒரு மாலைப்பொழுது முழுக்க மின்சாரக் கிதார் கேட்பதற்கு விலை முந்நூறு ரூபாய். சேந்தமங்கலம் பழ வியாபாரி அர்த்தனாரி அதை நூற்றெண்பதுக்குப் பேசி முடித்தார். அன்றிலிருந்து அந்தக் கிதார் அவர் காதில் விழவில்லை. மற்றதெல்லாம் விழுந்தது. கொண்டை ஊசி வளைவில் பஸ் அடிக்கும் ஹாரன், எட்டத்துத் தோப்பில் பலா உதிரும் ஓசை, பக்கத்துக் கடைக்காரர் தம் மனைவியிடம் மட்டும் சொல்லும் உண்மையான கொள்முதல் விலை, எதுவும் தப்பவில்லை. சேலத்துக் காது டாக்டர் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, இப்படியொரு காது எனக்கிருந்தால் நானும் வியாபாரத்துக்கே போயிருப்பேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். விலை படிந்த சரக்கு வழியில் தொலைவது வியாபாரத்தில் உள்ளதுதான். இங்கே வழி என்பது மேடைக்கும் முன்வரிசைக்கும் நடுவே கிடந்த எட்டடி மண்தரை.

கிதார் சூசைமாணிக்கத்துடையது. திண்டுக்கல் பக்கத்துக்காரர், மின்கம்பி பழுது பார்க்கும் லைன்மேன் வேலையில் முந்தின வருஷம் மலைக்கு மாற்றலாகி வந்தவர். வரும்போது ஒரு டிரங்குப்பெட்டி, கிதார், கோணிப்பை நிறையக் கேசட்டுகள் கொண்டுவந்தார். கேசட்டுகளின் மேல் படமோ பெயரோ கிடையாது. பெங்களூரில் கார் ஷெட்டிலும் ஹாஸ்டல் அறையிலும் வாசிக்கிற பையன்கள் தாங்களே பதிவு செய்து, லாரி கிளீனர்கள் கையில் கொடுத்தனுப்பியவை. கடையில் விற்காது, ரேடியோவில் வராது, கேட்டவர் கேட்டவருக்குக் கொடுத்தால்தான் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் மெர்சி, சர்ச்சில் பழகிய டிரம்மைக் கொண்டுவந்து அவரோடு சேர்ந்துகொண்டாள். இருவரும் ஆள் புழங்காத காபிக்கொட்டைக் கொட்டகை ஒன்றில் சாயங்காலங்களில் வாசித்தார்கள். கொட்டகையைச் சுற்றியிருந்த மிளகுக்கொடிகள் பற்றியிருந்த மரத்தை விட்டுவிட்டுக் கிதார் வந்த திசையில் வளர ஆரம்பித்தன. தோட்டக்காரர் வாழைநார் போட்டு அவற்றை இழுத்துக் கட்டினார், அவ்வளவுதான்.

லாரி டயர் பஞ்சரான ஒரு நாள் அந்தக் கொட்டகையோரம் நிற்க நேர்ந்தது அர்த்தனாரிக்கு. ரம்பம் பலாமரத்தை அறுப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. அறுபடுவது தாம்தான் என்று அவருக்குச் சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. பிறந்தது முதல் அவர் கேட்ட பாட்டெல்லாம் எதையோ விற்க வந்தவை. டூரிங் டாக்கீஸ் பாட்டு டிக்கெட்டை விற்றது, கோயில் மைக்செட் உண்டியலை விற்றது, மண்டி வாசலில் பாடியவன்கூட லேகியம் விற்றான். இது எதையும் விற்கவில்லை. வாங்கினால் வாங்கு, போனால் போ என்று சரக்கைப் பரப்பி வைத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அப்படியொரு கடையை அவர் அதுவரை பார்த்ததில்லை. டயர் மாற்றி முடித்தும் லாரி கிளம்பவில்லை. அதன்பின் லோடு இல்லாத நாளிலும் அவர் மலையேறினார். வீட்டில் கேட்டதற்கு மரவள்ளி விலை விசாரிக்கப் போனதாகச் சொன்னார்.

சந்தை கலைந்தபின் சோளக்காட்டில் எல்லோரும் கேட்க ஒரு கச்சேரி வைக்க வேண்டும் என்று தோன்றியதும் அவருக்குத்தான். பையில் ஐந்நூறு ரூபாயை மடித்து வைத்துக்கொண்டு, கேட்டதற்கு மேலேயே கொடுப்பது என்று முடிவு செய்துகொண்டுதான் போனார். சூசைமாணிக்கம் கிதாருக்குக் கம்பி மாற்ற வேண்டும், முந்நூறு ஆகும் என்று சொன்னதுதான் தாமதம், அர்த்தனாரியின் தோளில் கிடந்த துண்டு இறங்கி இருவர் கைக்கும் மேலே விழுந்தது. அதை அவர் போட்டதாக அவருக்கு நினைவில்லை. மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் துண்டு மறைவில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள், பேசும்போது சரக்கைக் குறை சொல்லாமல் வாங்கமாட்டார்கள். சுளை தேனாக இருந்தால் கொட்டை பெரிது என்பார்கள். கொட்டையும் சிறிதென்றால் காம்பைப் பழிப்பார்கள். விரல் பாட்டுக்கு விரல் பேச, வாய் பாட்டுக்கு வாய் பேசியது.

"டிரம்மு செரிங்க. அதுல ஒரு ஒழுங்கிருக்குது. கிதாருதானுங்க வெறும் எரச்சலு. இதைய எவன் காசு குடுத்துக் கேப்பான்? எம்பட மொகத்துக்காக நூத்தியம்பதுக்கு முடியுங்க."

சூசைமாணிக்கம் துண்டுக்கடியில் கையை வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார். பிறகு, "சரிண்ணே, நூத்தியெம்பது," என்றார். வாழ்க்கையில் இவ்வளவு சுலபமாக ஒரு விலை படிந்ததில்லை என்று அர்த்தனாரி லாரி ஏறும்வரை சந்தோஷப்பட்டார். ஏறி உட்கார்ந்த பிறகுதான் பையில் மடித்து வைத்த ஐந்நூறு நினைவுக்கு வந்தது.

கச்சேரியன்று அவர் முன்வரிசையில் இருந்தார். மெர்சி டிரம்மைத் தட்டியது கேட்டது. சூசைமாணிக்கத்தின் விரல்கள் கம்பியில் ஓடியது தெரிந்தது. அதிலிருந்து எதுவும் வரவில்லை. வயர் பிடுங்கிக்கொண்டதோ என்று திரும்பிப் பார்த்தால், மலையிலேயே எடப்புளி நாடு என்னும் ஊர்ப்பகுதியிலிருந்து அன்னாசி கொண்டுவரும் பாவாயி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தராசுக்காரர் வாயைத் திறந்தபடி நின்றார். தனக்கு மட்டும்தான் கேட்கவில்லை என்று அர்த்தனாரிக்குப் புரிந்துவிட்டது. பணம் போட்டு நடத்துகிற ஆள் கேட்கவில்லை என்று எழுந்து சொல்ல முடியுமா? டிரம்முக்கு ஏற்ப மெல்லத் தலையை ஆட்ட ஆரம்பித்தார்.

ஆட்டிய தலையை அதற்குப்பின் நிறுத்த வழியில்லாமல் போயிற்று. 1999இல் நாமக்கல்லிலிருந்தும் சேலத்திலிருந்தும் கல்லூரிப் பையன்கள் முடி வளர்த்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார்கள். மலையில் இந்த இசைக்கு முதன்முதல் காசு போட்டவர் யாரென்று கேட்டு, வேட்டி கட்டிய அந்தப் பழ வியாபாரியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவர் பிறர் முகத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, முதல் பாட்டு பழுத்திருந்தது, இரண்டாவதை இன்னும் ரெண்டு நாள் வைக்கோலில் போட்டிருக்கலாம், மூன்றாவதில் பிஞ்சுப் பலா மாதிரிப் பால் அதிகம் என்றார். பையன்கள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு கேசட்டுகள் வந்த வழியிலேயே பெங்களூர் போய்ச்சேர்ந்தது. அங்கே பாட்டுகளை வைக்கோல் பாட்டு, பால் பாட்டு என்று பிரித்துப் பேசத் தொடங்கினார்கள். பெரக்கரை நாட்டில் கச்சேரி என்றாலும் முதல் நாற்காலி அவருக்குத்தான். ஒவ்வொரு முறையும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுவதற்குள் முதுகு வேர்த்துச் சட்டை ஒட்டிக்கொள்ளும். விடுபட்ட நூற்றிருபதை ஒருநாள் எடுத்துக்கொண்டு போனார். "முடிஞ்ச வெலண்ணே, அது எதுக்கு?" என்று சூசைமாணிக்கம் சிரித்து டீ வாங்கிக் கொடுத்தார். டீக்காசையும் அவரே கொடுத்துவிட்டார்.

2001 ஐப்பசியில் மழைக்குப் பயந்து கச்சேரியைத் தகரம் வேய்ந்த பழக் கிடங்குக்குள் வைத்தார்கள். நடுவில் எங்கோ மரம் விழுந்து கரண்ட் போனது. லைன்மேன் மேடையில்தான் இருந்தார். கிதாரை வைத்துவிட்டு, குறடை எடுத்துக்கொண்டு, மழையில் இறங்கிக் கம்பம் ஏறப் போய்விட்டார். டிரம்முக்குக் கரண்ட் எதற்கு? மெர்சி பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தாள். அர்த்தனாரி, ரசிகர்களுக்கு வழக்கமானபடி, கண்ணை மூடியிருந்தார். தலை ஆடியது. தொடையில் தாளம் விழுந்தது. யாரோ ஏற்றிய அரிக்கேன் வெளிச்சத்தில் கூட்டம் ஒவ்வொருவராக அவர் பக்கம் திரும்பியது. மெர்சி அதைப் பார்த்துவிட்டாள். நிறுத்தவில்லை, வேண்டுமென்றே இன்னும் கொஞ்ச நேரம் தட்டி முடித்தாள்.

"ஆகா! இன்னிக்குக் கிதாரு தேனுங்க!" என்று கண்ணைத் திறந்தார் அர்த்தனாரி.

"ஏனுங்க மொதலாளி," என்றாள் பாவாயி, "அந்தத் தேனு கம்பத்து மேல ஏறி வெகு நேரமாச்சுங்களே."

கிடங்கு அதிரச் சிரித்தார்கள். சூசைமாணிக்கம் சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். பின்னாலேயே கரண்டும் வந்தது. மெர்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"எப்ப இருந்துண்ணே கேக்கல?"

"வெல பேசுன அன்னைக்கிருந்துங்க."

"அன்னிக்கு எரைச்சல்னு சொன்னீங்கள்ல. விவரம் தெரிஞ்ச ஆளு, கொட்டகைக்கு வந்து வந்து கேட்ட ஆளே சொல்லிட்டாரேன்னு, அன்னையிலருந்து கிதாரோட சத்தக் குமிழைப் பாதிக்கு மேல திருப்புறதில்ல நான். மூணு வருசமா எரைச்சலைக் கழிச்சுட்டுத்தான் வாசிக்கிறேன்."

அர்த்தனாரிக்குத் தலை குனிந்துவிட்டது. தன் காதோடு போயிற்று என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். மலை முழுக்கப் பாதிச் சரக்கு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"அந்த எரச்சலுக்குத்தானுங்க நான் கெறங்கிக் கெடந்தேன்," என்றார்.

"அதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா வெல ஏறீருமுங்களே."

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. சூசைமாணிக்கம் குமிழைக் கடைசிவரை திருப்பி வாசித்தார். தகரக்கூரை ஆணியோடு எழுந்து எழுந்து உட்கார்ந்தது. அடுக்கியிருந்த அன்னாசிகள் சரிந்து மேடையை நோக்கி மேட்டில் உருண்டு ஏறின. பாவாயி காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். கூரை குதித்ததும், பழம் உருண்டதும், பாவாயி கத்தியதும் அர்த்தனாரிக்குத் துல்லியமாகக் கேட்டன. கிதார் கேட்கவில்லை. வாசித்து முடித்த சூசைமாணிக்கம் நெற்றித் தண்ணீரை வழித்துவிட்டு, மூன்று வருஷ ஆசையோடு அவரைப் பார்த்தார். ஒரு தலையாட்டல் போதும், அந்த மனிதர் குளிர்ந்துபோவார். இவ்வளவு மலிவாக ஒரு புண்ணியம் எங்கே கிடைக்கும்? அர்த்தனாரியின் கழுத்து பழக்கத்தில் அசையப் பார்த்தது. இரண்டு கையாலும் மோவாயைப் பிடித்து நிறுத்திக்கொண்டார்.

"காதுல உழுகலீங்க," என்றார்.

"சரிண்ணே. இவங்களுக்காவது விழுந்துச்சே," என்று சூசைமாணிக்கம் அடுத்த பாட்டுக்குச் சுருதி சேர்த்தார். அதன்பின் குமிழ் பாதிக்கு இறங்கவேயில்லை.

மலையில் இந்தச் செய்தி ஒரு வாரம் ஓடி, மிளகு விலை வந்ததும் அடங்கியது. அர்த்தனாரி முதல் நாற்காலியை விட்டுவிட்டு, பாவாயியின் கூடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார ஆரம்பித்தார். தலையை ஆட்டுவதில்லை. பாவாயி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அவர் காதுக்குள் சொல்லிக்கொண்டே வருவாள். "இப்பப் பன்னி மரவள்ளிக் காட்டுல பூந்துருச்சுங்க. இப்ப லாரி வளைவுல திரும்ப மாட்டாம நிக்குதுங்க. இப்ப மழைங்க, ஆனா கீழயிருந்து மேல பேயுது. இப்ப… இருங்க, இது என்னமோ பண்ணுது, சொல்லத் தெரியல." சொல்லத் தெரியாத இடம் வந்தால் அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பாள். அவரும் அது முடியும்வரை காத்திருப்பார். பெங்களூர்க்காரர்கள் வந்தாலும், கருத்துக் கேட்டால் பாவாயியைக் கை காட்டிவிடுவார். அவளிடம் அன்னாசி வாங்கும்போது அவள் சொன்னதுதான் விலை. அதையும் அவள் கொஞ்சம் கூட்டியே சொன்னாள்.

2004இல் சூசைமாணிக்கத்துக்குச் சமவெளிக்கு மாற்றல் வந்தது. அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்த அர்த்தனாரி, சந்தை மூலையில் உட்கார்ந்து விரல் மடித்துப் பார்த்தார். பன்றி, லாரி, கீழிருந்து மேலே பெய்த மழை, ஆக இவ்வளவும் வரவு. பாவாயிக்குச் சொல்லத் தெரியாமல் போனது அத்தனையும் பாக்கி.