பார்லியில் தங்கிய இனிப்பு

மகள் ஸ்டெபனியின் பிள்ளைப்பேற்றுக்கென்று வான்கூவருக்குப் போன பேர்ணடெற் குளிர் விட்டதும் வந்துவிடுவதாகத்தான் பேச்சு. குளிர் விட்டது, புல்வெட்டும் காலமும் முடிந்தது, அவள் வரவில்லை. புருசன் பெண்சாதிக்குள் மனக்கசப்பு ஒன்றுமில்லை. "பிள்ளை என்னை விடுறானில்லையப்பா" என்பாள். கணவர் கிளிபோட்டும், "ஓம், நின்டு பாத்துக்கொண்டு வாருமன்" என்பார்.

மோர்னிங்சைட் தெருவிலுள்ள வீட்டுக் கராஜில் பியர் காய்ச்சுவது அவருக்குப் பல வருடப் பழக்கம். உடைத்த பார்லியை சூடு ஆறாமல் வைத்திருக்கும் ஒரு பெரிய கூலர் பெட்டியில் சுடுதண்ணீர் விட்டு ஊறவைப்பார். இனிப்பு இறங்கியதும் சாற்றை வடிப்பார். பிறகு இன்னும் சுடுதண்ணீர் ஊற்றி, மிச்ச இனிப்பையும் அலசி எடுப்பார். இந்த வருடம் அந்தக் கணக்குப் பிழைத்தது. அதே பார்லி, அதே தண்ணீர். ஆனால் சாற்றில் மிதக்கவிட்ட அளவுக்குழாய் ஒவ்வொரு முறையும் ஆழமாய்த் தாழ்ந்து, இனிப்புப் போதாதென்று காட்டியது. பியரும் தண்ணியாகவே வந்தது. பார்லியை இன்னும் நைசாக உடைத்தார். வெப்பமானியை மாற்றினார். பலனில்லை.

கடைசியில், பியர் காய்ச்சுகிற கூட்டாளி றிச்சர்ட்டுக்குப் போன் எடுத்து விசயத்தைச் சொன்னார்.

"தண்ணி ஊத்தேக்க ஆர் கிண்டுறது?" என்று கேட்டான் றிச்சர்ட்.

"ஒருத்தரும் இல்லை. ரெண்டு கையாலயும் பானையைத் தூக்கி ஊத்திறன், பிறகு மூடிவிடுறன்."

"அதுதான் விசயம். பார்லி கட்டிபட்டுக் கிடக்கும். தண்ணி தனக்கொரு வழி பாத்து ஓடிவிடும், இனிப்பு உள்ளுக்கையே நிண்டிடும். முந்தி ஆர் கிண்டினது?"

கிளிபோட், "பேர்ணடெற்" என்றார்.

மணம் பிடிக்கவில்லையென்று மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் அவள் கராஜுக்கு வருவாள். அவர் ஊற்ற ஊற்ற, நீளக் கரண்டியால் அடியிலிருந்து புரட்டிக்கொண்டே ஸ்டெபனியைப் பற்றியும் கோயில் ஆட்களைப் பற்றியும் கதைப்பாள். அதை ஒரு வேலையென்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை தண்ணீரை இரண்டு பங்காக்கினார். கொஞ்சம் ஊற்றி, பானையை இறக்கி வைத்துவிட்டுக் கிண்டினார். திரும்பவும் ஊற்றிக் கிண்டினார். பொறுத்திருந்து, பெட்டியின் அடிக்குழாயைச் சற்றே திறந்து மெதுவாக வடியவிட்டார். மற்றப் பங்குக்கும் அப்படியே. வேலை இழுபட்டது, தோள் நொந்தது. ஆனால் அளவுக்குழாய் நன்றாக மேலெழும்பி நின்றது. "பாத்தீரோ!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் திரும்பினார். கராஜில் கார் மட்டும் நின்றது.

வீடியோவில் அவளை அழைத்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் சிரித்தாள்.

"அப்ப இனி நான் தேவையில்லை எண்டுறியள்."

"அப்பிடியில்லையப்பா, நீர் இல்லாமல்—"

பிள்ளை வீரிட்டு அழுதது. "பிறகு எடுக்கிறன்" என்றாள். அன்று எடுக்கவில்லை.

பியர் நன்றாக வந்தது. றிச்சர்ட் கராஜில் நின்றபடியே ஒரு போத்தலைக் குடித்தான். "முந்தினதிலும் திறம்" என்றான். மனைவி காரில் இருந்ததால் உடனே புறப்பட்டான். மிச்சப் போத்தல்கள் அடுக்கடுக்காய் அப்படியே கிடந்தன.

நத்தார் பண்டிகைக்கும் வரமுடியாதென்று பேர்ணடெற் சொன்ன வாரம், கிளிபோட் பார்லி வாங்கப் போனார். வழமையான அளவுதானே என்று கேட்டார் கடைக்காரர்.

"இல்லை, பாதி போதும்" என்றார் அவர்.