குடை பழுது பார்க்கும் இடம், ஆள் இல்லை

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியிலிருந்து என் வீடு குடை பழுது பார்க்கும் இடமாக இருக்கிறது. அதில் ஆளும் இல்லை. தேடுபொறி அப்படித்தான் சொல்கிறது.

எங்கள் ஊரில் யாரும் ஞாபகத்தை நம்பி நடப்பதில்லை. தெருமுனையில் தேடுபொறியின் ஜன்னல் இருக்கிறது. பெயரைச் சொன்னால் கால் நொடியில் சீட்டு வரும். சீட்டில் இருப்பதுதான் இடம். சீட்டில் இல்லாதது எதிரே வந்து நின்றாலும் யாரும் மரியாதைக்குக்கூட நின்று பேச மாட்டார்கள். குற்றம் சொல்லவில்லை, நானும் அப்படித்தான். போன வருஷம் சீட்டில் விட்டுப்போன என் சொந்த மாமாவைத் தாண்டித் தாண்டி மூன்று மாதம் வேலைக்குப் போய்வந்தேன்.

பதினோரு மணிக்குள் ஒன்பது குடைகள் வந்துவிட்டன. கொண்டுவந்தவர்கள் கதவைத் தட்டவில்லை. ஆள் இல்லாத இடத்தில் எதற்குத் தட்ட வேண்டும்? நான் வாசலில் நின்று, "இது வீடுங்க. நான் இருக்கேன்" என்றேன். கண்ணாடி போட்ட ஒருவர் தன் குடையை என் தோளில் மாட்டிவிட்டுப் போனார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வேறு எந்த வாரமாக இருந்தாலும் பொறுத்திருப்பேன். இந்த வாரம் முடியாது. சாலாட்சி வருகிறாள்.

சாலாட்சி என் மனைவி. ஏழு மாதத்துக்கு முன்பு பெட்டியைக் கட்டிக்கொண்டு மதுரையில் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். எங்களுக்குள் சண்டை ஒன்றே ஒன்றுதான். எப்போது பார்த்தாலும் நான் வீட்டில் இல்லை என்பது அவள் கட்சி. எப்போது பார்த்தாய் என்று கேட்கலாம். அப்போதும் நான் வீட்டில் இல்லை.

திங்கட்கிழமை அவளிடமிருந்து கடிதம் வந்தது. "வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வருவேன். பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம். வீட்டில் இருங்கள். இருந்தால் தங்குவேன். இல்லாவிட்டால் அடுத்த பஸ்." அவ்வளவுதான். கீழே கையெழுத்துகூட இல்லை. அவளும் ஜன்னலில் கேட்டுவிட்டுத்தான் வருவாள். எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள்.

ஜன்னலுக்குப் போனேன். அங்கே இருப்பவர் மெஹருன்னிசா. என்னோடு எட்டாம் வகுப்பு வரை படித்தவர். இப்போது கழுத்துக்குக் கீழே ஜன்னலாகிவிட்டார். எனக்கு அவரை நன்றாகத் தெரியும். அவருக்கு என்னைச் சீட்டில் உள்ள அளவுக்குத் தெரியும்.

"என் வீட்டைத் தப்பாப் போட்டிருக்கீங்க."

"நாங்க போடலை. அள்ளிக்கிட்டு வந்தோம்."

"எங்கேருந்து?"

"டைரக்டரியிலேருந்து. அங்க மனுஷங்க ஒவ்வொரு இடமா நேர்ல பார்த்து எழுதறாங்க. எங்க லாரி போய் மொத்தமா அள்ளிக்கிட்டு வரும். நடுவுல நாங்க ஒரு புள்ளியைக்கூட மாத்தறதில்லை."

"லாரி மறுபடி எப்பப் போகும்?"

"போகும்போது."

"வெள்ளிக்கிழமைக்குள்ள போகுமா?"

"இன்னைக்குக் காலையில போயிட்டு வந்துடுச்சு. அதுக்கு முந்தின தடவை போனப்ப எனக்குக் கால் இருந்துச்சு" என்றார்.

திருத்தம் எழுதிப் பெட்டியில் போடச் சொன்னார். அது டைரக்டரிக்குப் போய்ச் சேருமாம். எழுதிப் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். குடைகள் வந்துகொண்டிருந்தன. இன்னொரு சீட்டு போட்டேன், கொட்டை எழுத்தில். புதன்கிழமை மாலைக்குள் பதினாறு சீட்டு போட்டாயிற்று. பதினாறாவதில் 'தயவுசெய்து' என்பதைப் பேப்பர் கிழியும்வரை அடிக்கோடிட்டேன். நடுநடுவே கை சும்மா இருக்காமல் நான்கு குடைகளைச் சரிசெய்தும் வைத்தேன்.

பக்கத்து வீட்டுப் பழனியாண்டி அண்ணனை பஸ் நிறுத்தம் என்று டைரக்டரியில் எழுதி இரண்டு வருஷம் ஆகிறது. ஆரம்பத்தில் அவரும் சீட்டு போட்டார். இப்போது தன் வாசலில் ஒரு கையைத் தூக்கியபடி நிற்கிறார். நெற்றியில் நேர அட்டவணை ஒட்டியிருக்கிறார்கள்.

"எப்படிண்ணே பொறுத்துக்கறீங்க?" என்று கேட்டேன்.

"பழகிடுச்சு தம்பி. முன்னாடி எனக்காக யாரு நின்னா? இப்ப பஸ்ஸே நிக்குது."

"நான் பழக மாட்டேன்."

"மதுரை வண்டி பன்னெண்டு பத்துக்கு" என்றார். கேட்காமலே சொல்வது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

வியாழக்கிழமை நேராக டைரக்டரிக்கே போனேன்.

அந்தக் கட்டடத்தில் அறைகள் கிடையாது. பிரிவுகள்தான். முதல் கதவில் 'உலகம்' என்று எழுதியிருந்தது. அதற்குள் 'வீடுகள்'. அதற்குள் 'ஓட்டு வீடுகள்'. அதற்குள் 'பச்சைக் கதவு உள்ளவை'. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் நடை ஒடுங்கிக்கொண்டே போனது. குனிந்து போனேன். கடைசியில் ஒரு சுவர். சுவரில் 'இங்கே இருந்தது. பார்க்க: பழுதுகள்' என்று எழுதியிருந்தது.

உலகம்வரை திரும்பி வந்தேன். 'பழுதுகள்', 'மழையைச் சேர்ந்த பழுதுகள்', 'மடக்கக்கூடியவை'. கடைசிக் கதவைத் தவழ்ந்துதான் தாண்ட முடிந்தது.

உள்ளே அலமாரி அளவு இடத்தில் ஒருவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர் சவரிராஜ். மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். லீவு போட்டுவிட்டு இங்கே வந்து சேவையாக எழுதுகிறார். பக்கத்தில் ஒரு கம்பியில் சீட்டுகளைக் குத்தி அடுக்கியிருந்தார்.

"என் வீட்டைக் குடைக்கடைன்னு எழுதினது நீங்களா?"

"நேர்ல வந்தேன் சார். வாசல்ல மூணு குடை விரிச்சுக் காயுது. கதவைத் தட்டினேன். மூணு தட்டு. யாரும் திறக்கலை."

"நான் குளிச்சுக்கிட்டு இருந்தேன்!"

"அதைத்தான் ஆள் இல்லைன்னு எழுதினேன். மிஷின் எழுதினா தப்பு வரும் சார். இது மனுஷன் பார்த்து எழுதினது" என்றார். பெருமையாகவே சொன்னார்.

"திருத்தச் சொல்லிப் பதினாறு சீட்டு போட்டேனே."

"அதான் கெட்டுது. முதல் சீட்டு வந்தப்ப உங்களுக்கு முன்னால ரெண்டே பேர். எடுக்கப் போறேன், அடுத்த சீட்டு வருது. ஒரு வீட்டுக்கு ரெண்டு சீட்டு இருக்கக் கூடாது. பழசைக் கிழிச்சிட்டுப் புதுசை வரிசையில கடைசியாக் குத்தினேன். பதினஞ்சு தடவையும் அப்படித்தான். நீங்க சும்மா இருந்திருந்தா செவ்வாய்க்கிழமை சாயங்காலமே முடிஞ்சிருக்கும்."

"இதை யாருமே சொல்லலையே! இப்ப நான் எத்தனாவது?"

"நானூத்திப் பன்னெண்டு."

"கொஞ்சம் முன்னால எடுக்க முடியாதா?"

அவர் என் சீட்டைக் கம்பியிலிருந்து உருவிக் கிழித்தார். புதிதாக ஒன்று எழுதிக் கடைசியில் குத்தினார். "மறுபடி கேட்டுட்டீங்க. நானூத்திப் பதிமூணு."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இடம் இருந்த லட்சணத்துக்கு ஏற்கெனவே முட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

"இன்னொண்ணு" என்றார் சவரிராஜ். "மனைவிக்காக ஆசையோடு காத்திருப்பவர் வீடுன்னு எழுதியிருக்கீங்க. 'ஆசையோடு' வேண்டாம். விளம்பரமாயிடும். 'மனைவி'யும் வேண்டாம். நான் வந்தப்ப இல்லை."

"நாளைக்குப் பதினோரு மணிக்கு வர்றா சார். ஆள் இல்லைன்னு சீட்டைப் பார்த்துட்டுத் திரும்பிடுவா." கேள்வியாக எதையும் கேட்டுவிடாமல் மிகவும் ஜாக்கிரதையாகச் சொன்னேன்.

அவர் மனிதர்தான். இரங்கினார். "ஒரு வழி இருக்கு. இந்தப் பிரிவுக்கு நீங்களே தொகுப்பாளர் ஆயிடுங்க. தொகுப்பாளர் எந்தச் சீட்டையும் எடுக்கலாம். எனக்கும் கறவை மாடுகள் பிரிவுக்குப் போகணும்னு ரொம்ப நாளா ஆசை."

கையெழுத்துப் போட்டேன். சட்டையில் ஒரு வில்லையைக் குத்தினார். நோட்டும் பென்சிலும் கொடுத்தார்.

"நேர்ல போய்ப் பார்த்துத்தான் எழுதணும். மூணு தட்டு. உள்ளேருந்து திறந்தா ஆள் இருக்காங்க. திறக்கலைன்னா இல்லை. தொகுப்பாளர் சாவி போடக் கூடாது."

"சரி, சரி" என்றேன். எனக்கு அவசரம்.

திரும்பும் வழி வந்த வழியைவிட நீளமாக இருந்தது. நான் உள்ளே இருந்த நேரத்தில் புதிய பிரிவுகள் திறந்திருந்தார்கள். 'பாதி மடங்கியவை' என்ற நடையில் மட்டும் அரை நாள் போயிற்று. உலகத்தின் கதவைத் திறந்து வெளியே வந்தபோது வெள்ளிக்கிழமை பதினொன்றேகால்.

ஓடினேன். சாலாட்சி எங்கள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். கையில் பை. கக்கத்தில் குடை. அதில் ஒரு கம்பி ஒடிந்து தொங்கியது. மெலிந்திருந்தாள். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாலா, நான் இருக்கேன்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சட்டையில் இருந்த வில்லையைப் பார்த்தாள். "தொகுப்பாளருங்களா? நல்லவேளை வந்தீங்க. ஆள் இல்லைன்னு போட்டிருக்கு. எனக்கு நம்பிக்கை இல்லை. அவரு இருப்பாரு. கடுதாசி போட்டிருந்தேன். நீங்க கொஞ்சம் தட்டிப் பாருங்க."

தட்டினேன். ஒன்று.

காது கொடுத்துக் கேட்டேன். என் கால்சட்டைப் பையில் இருந்த சாவி தொடையைக் குத்தியது. இரண்டு. உள்ளே நான் குளித்துக்கொண்டிருக்கலாம் என்று ஒரு நொடி உண்மையாகவே நம்பினேன். சாலாட்சியும் கதவுப் பக்கம் சாய்ந்து கேட்டாள். மூன்று.

யாரும் திறக்கவில்லை. இவன் எப்போதுமே இப்படித்தான் என்று எனக்கு அவன்மேல் கோபம் வந்தது.

நோட்டைப் பிரித்தேன். பார்த்ததைத்தான் எழுத முடியும். 'குடை பழுது பார்க்கும் இடம். ஆள் இல்லை' என்று எழுதினேன். பென்சிலைத் தாளிலிருந்து எடுப்பதற்குள் தெருமுனையில் லாரி திரும்பியது. இரண்டு பேர் மண்வெட்டியோடு குதித்தார்கள். நோட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

ஜன்னலிலிருந்து மெஹருன்னிசா கூவினார். "புதுப்பிச்சாச்சு!"

"அப்ப இல்லைதானுங்களே" என்றாள் சாலாட்சி.

நான் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டேன்.

அவள் பழனியாண்டி அண்ணன் நெற்றியைப் படித்தாள். தூறல் விழுந்தது. குடையை விரித்துப் பார்த்தாள். ஒடிந்த கம்பி துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

"இதையாவது சரிபண்ண முடியுமா? குடை பழுது பார்க்கிற இடம்னு போட்டிருக்கே."

"முடியும்" என்றேன்.

படியில் உட்கார்ந்தேன். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கம்பியை நூலால் கட்டினேன். அவிழ்த்தேன். மறுபடி கட்டினேன். அவள் அக்கா வீட்டு மாடியைப் பற்றிச் சொன்னாள். தண்ணீர் ஏறாதாம். ஏழு மாதமும் கீழேயிருந்து சுமந்தாளாம். எனக்கு இது எதுவும் தெரியாது. கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"எங்க வீட்டுக்காரரு ஒரு இடத்தில இவ்வளவு நேரம் உக்காந்து நான் பார்த்ததில்லைங்க" என்றாள்.

தெருவில் ஹாரன் சத்தம் கேட்டது. பழனியாண்டி அண்ணன் கையை இன்னும் உயர்த்தினார். "மதுரை வண்டி" என்றார், எங்களைப் பார்க்காமல்.

சாலாட்சி எழுந்தாள். "ஆச்சுங்களா?"

"இன்னும் ஒரே ஒரு கம்பி" என்றேன். அவள் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்த நேரத்தில் அதை ஒடித்தேன்.