கிழக்கு அறை

"அந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்க, கை இருக்காது!" என்று பியாத்தா அம்மாள் போட்ட கூச்சல், ஏரிக்கு அக்கரையில் துணி அலசிக்கொண்டிருந்தவர்களுக்கே கேட்டது.

தொடப் போனவர் புதிதாக வந்த கேப்டன் ரூடெபெர்க்.

"நான் இடிக்கச் சொல்லலையேம்மா. அறை அப்படியே இருக்கட்டும்னுதானே கேக்கறேன்."

"இருக்கும், இருக்கும்! உங்களுக்கு ஓசியில இருக்கும்! வரைபடத்துல இருக்கறது ராஜாவுக்கு. இல்லாதது எனக்கு. என் வீட்டுக்காரர் சொந்த மரம் வெட்டிக் கட்டினது!"

சட்டப்படி அவள் சொன்னது சரிதான். கெடுதலே அதில்தான் வந்தது.

ஸ்வீடனில் அந்தக் காலத்தில் படை அதிகாரி குடியிருந்த வீடு அவருக்குச் சொந்தமில்லை. பதவி இருக்கும்வரை இருக்கலாம். செத்துப்போனால், விதவைக்கு இரக்கம் பார்த்து ஓராண்டு விடுவார்கள். அப்புறம் மார்ச் மாதச் சேற்றில் வண்டி கட்ட வேண்டியதுதான். வீட்டின் வடிவமும் பதவிப்படிதான். கேப்டன் என்றால் நடுவில் வாசல், உள்ளே கூடம், இரு பக்கமும் சமமாக அறைகள். லெப்டினன்ட் என்றால் ஓர் அறை குறைவு. பியாத்தாவின் கணவரான மறைந்த கேப்டன் மட்டும் மகள் ஹெட்டா பிறந்த வருஷம் கிழக்கே ஏரியைப் பார்த்து ஓர் அறையை ஒட்டவைத்தார். செங்காவி பூசிய அந்த மரவீடு, பல்வலிக்காரன் கன்னம்போல ஒரு பக்கம் வீங்கி நின்றது.

அன்று வீட்டைக் கைமாற்றும் சோதனை. வந்தவர்கள் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு கட்டையையும் குத்தி, "இங்கே அழுகல், அங்கே அழுகல்" என்று பியாத்தா கட்ட வேண்டிய பழுதுக் கணக்கில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அழுகலெல்லாம் தன் தலையில், நல்ல அறை மட்டும் இந்தக் கேப்டனுக்கா? அவளுக்குக் கொதித்தது.

காபித் தட்டோடு நின்ற ஹெட்டா மெல்ல, "அம்மா, அந்த அறைய விட்டுடுங்களேன்" என்றாள்.

"உனக்கென்னடி வந்தது? அவர் சட்டைப் பொத்தான் பளபளன்னு இருக்கறதப் பாத்து மயங்கிட்டியா?"

வந்தவர்களில் ஒருவர் இருமினார். இருபத்தேழு வயதுப் பெண் அதற்குமேல் எப்படி வாய் திறப்பாள்?

அடுத்த வாரமே மூடிக் என்ற சிப்பாய் கோடாலியோடு வந்தான். கட்டைக்குக் கட்டை அடையாளம் கொத்திப் பிரித்தான்.

"எங்கேம்மா கொண்டுபோய்க் கட்டப் போறீங்க?"

"உலகத்துல இடமா இல்லை?" என்றாள். ஸ்காரா ஊரில் ஒரு சேணக்காரர் வீட்டு மாடியில் இரண்டு அறை வாடகைக்குப் பேசியிருந்தாள். அவளுக்கிருந்த இடம் அவ்வளவுதான்.

கடைசிச் சுவர் இறங்கும்போது கேப்டன் குதிரையில் வந்தார். ஜன்னல் இருந்த இடத்தில் வெறும் ஆகாயம். கொஞ்ச நேரம் பார்த்தார்; ஹெட்டாவைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்; போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பீங்கான்களை வைக்கோலில் சுற்றிக்கொண்டே ஹெட்டா சொன்னாள்.

"சோதனை அன்னிக்குக் காபி கொடுக்கறப்போ கேட்டார்மா. 'அது உனக்குப் பழகின அறை, உனக்கே இருக்கட்டும். உங்கம்மா விட்டுக்கொடுத்தா கல்யாணத்துக்குச் சம்மதம்னு எடுத்துக்கறேன்'னார்."

பியாத்தா கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "ஏன்டி சொல்லலை?"

"சொல்லத்தான் வந்தேன். பொத்தான்னு ஆரம்பிச்சீங்க."

மறுநாள் கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, கேப்டன் தங்கியிருந்த சத்திரத்துக்குக் கிளம்பினாள். பக்கத்திலிருந்த எங்கள் வீட்டு வேலியைத் தாண்டிப் போனதை நாங்களே பார்த்தோம். பாலம்வரை போனாள். நாலு பேர் முன்னால் ஓசிக்காரன் என்று சொன்ன வாய் அங்கே போய் என்ன பேசும்? நின்றாள், நின்றாள், திரும்பி வந்தாள். சிப்பாய் மூடிக்கை அழைத்து, "மறுபடி அடுக்கிடலாமா?" என்று கேட்டாள்.

"அடுக்கலாம்மா. யாருக்கு? கேப்டன் ஞாயித்துக்கிழமை ஷெரீஃப் வீட்டுல சாப்பிட்டாராமே."

ஜூன் மாதம் ரூடெபெர்க் அந்த ஷெரீஃபின் மகளைக் கட்டிக்கொண்டார். வீட்டின் வெட்டுப்பட்ட பக்கத்துக்குப் பலகை அடித்துக் காவி பூசினார்கள். நிறம் சேரவே இல்லை. கட்டைகள் சேணக்காரர் கொல்லையில் இரண்டு குளிர்காலம் நனைந்தன. பிறகு அவர் அவற்றைப் பன்றிக்கொட்டிலாக்கிக்கொண்டார். ஹெட்டா, மூன்று பிள்ளைகளோடு இருந்த ஒரு தோல் பதனிடுபவரைக் கட்டிக்கொண்டு நோர்ஷோப்பிங் போய்விட்டாள். பியாத்தா அம்மாள் அந்த மாடியிலேயே இருந்தாள், ஜன்னலைத் திறந்தால் கொட்டில் தெரியும்.